கோடியாக்: குலுக்கலில் தொடங்கி பல்லைப் பிடுங்கும் வரை

அலாஸ்காவின் கோடியாக் தீவில் கரடி வேட்டைக்கான பர்மிட் பெரும்பாலும் குலுக்கலில்தான் கிடைக்கும். நவம்பர், டிசம்பரில் விண்ணப்பம், பிப்ரவரியில் முடிவு. ஆங்கரேஜில் என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்கு ஒருவழியாக விழுந்தது, அதுவும் அடுத்த வருட ஏப்ரல் சீசனுக்கு. வெளிமாநிலக்காரர் என்றால் உரிமம் பெற்ற கைடோ, அலாஸ்காவில் வசிக்கும் நெருங்கிய உறவினரோ கூடவே இருக்க வேண்டும். அவர் உள்ளூர்வாசி என்பதால் அந்தச் செலவு மிச்சம். மூட்டை தூக்க நான் போனேன்.

மிதவை விமானம் எங்களை உயாக் விரிகுடாவில் இறக்கிவிட்டது. பறந்து வந்த அன்றே சுடக்கூடாது, மறுநாள் அதிகாலை 3 மணி தாண்ட வேண்டும். மேலேயிருந்து கரடியைப் பார்த்து வைத்துக்கொண்டு, இறங்கிய கையோடு போய்ச் சுடுவதைத் தடுக்கத்தான் இந்த விதி. சரி என்று கூடாரத்தைச் சுற்றி பேட்டரி மின்வேலி போட்டுவிட்டுத் தூங்கினோம்.

அப்புறம் மழையில் பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. வசந்தத்தில் குகையை விட்டு முதலில் வருவது பெரிய ஆண் கரடிகள்தான். புதுக் குட்டி ஈன்ற தாய் கடைசியில் வரும். குட்டியோடு இருக்கும் தாயையும் சுடக்கூடாது, குட்டியையும் சுடக்கூடாது. ஒருநாள் எதிர்ச்சரிவில் நல்ல உருப்படியாக ஒன்று தெரிந்தது. நான் பரபரத்தேன், நண்பர் துப்பாக்கியைத் தொடக்கூட இல்லை. வெகுநேரம் கழித்து ஆல்டர் புதர் அசைந்தது, பின்னாலிருந்து இரண்டு குட்டிகள் உருண்டு வந்தன.

இந்தப் பொறுமைக்குக் காரணம் இருக்கிறது. பெண் கரடி முதல் ஈற்றுக்கே ஐந்து வயதாகிவிடும், அடுத்த ஈற்றுக்கு ஏறத்தாழ நான்கு வருட இடைவெளி. மே, ஜூனில் இணை சேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் ஒட்டுவதில்லை. கோடை முழுக்கச் சால்மன் தின்று கொழுப்பு சேர்ந்தால்தான் குளிர்காலத் தொடக்கத்தில் ஒட்டும். குகைக்குள் ஜனவரி, பிப்ரவரியில் பிறக்கும் குட்டி அரைக் கிலோ கூட இருக்காது. கோடியாக் தீவுக்கூட்டத்தில் மொத்தமே சுமார் 3,500 கரடிகள்தான், அதில் ஒரு தாய் போனால் பெரிய நஷ்டம்.

கடைசியில் கிடைத்தது ஆண். உடம்பு பெருத்து தலை சிறுத்துத் தெரிந்தது, காதுகள் தள்ளித் தள்ளி இருந்தன, கூடவே குட்டி எதுவும் இல்லை. சுடுவது ஒரு நிமிட வேலை. தோலுரித்து, ஆண் என்பதற்கான அடையாளத்தைத் தோலிலேயே விட்டு, கரைக்குச் சுமந்து வருவதற்குள் என் முதுகு போய்விட்டது.

தீவை விட்டுக் கிளம்புமுன் கோடியாக் நகரத்து மீன், வனவிலங்குத் துறை அலுவலகத்தில் தோலையும் மண்டையையும் காட்டி அவற்றுக்கு அடையாள சீல் போட்டுக்கொள்ள வேண்டும். மண்டையைத் தோலிலிருந்து பிரித்துக் கொண்டுபோங்கள், உறைய விடாதீர்கள். பல் எடுக்கச் சிரமமாகிவிடும். அதிகாரி காலிப்பரால் மண்டையின் நீளம், அகலம் இரண்டையும் அளந்து கூட்டினார். 26 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 1952-இல் இதே தீவில் சுடப்பட்ட உலக சாதனைக் கரடிக்கு 30.75. பிறகு கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் குட்டிப் பல்லை நெம்பி, இடுக்கியால் பிடுங்கி உறையில் போட்டார். அதை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் மரத்தின் வளையம் மாதிரி வருடக் கோடுகள் தெரியுமாம். அந்த வயதுக் கணக்கும் சேர்ந்துதான் இனி எத்தனை பர்மிட் என்பது முடிவாகிறது. தோலுக்கு ஒன்று, மண்டைக்கு ஒன்று எனக் கழற்ற முடியாத சீல் மாட்டினார்கள்.

இந்தத் தீவில் ஒருவருக்கு நான்கு வேட்டை ஆண்டுகளுக்கு ஒரு கரடிதான் என்பதால் நண்பருக்கு இனி நீண்ட ஓய்வு. பல்லின் முடிவு வர மாதக்கணக்காகும். தோல் பதனிடுபவர் அதைவிட அதிகமாகவே அவகாசம் கேட்டிருக்கிறார்.