அக்கா பொண்ணும் அமெரிக்கா மேட்ச்சும்

அக்கா பொண்ணு இந்த வருஷம் அமெரிக்கா ரெசிடென்சிக்கு, அதாவது டாக்டருக்குப் படிச்சவங்க ஆஸ்பத்திரில வேலை பாத்துக்கிட்டே எடுக்கற பயிற்சிக்கு, அப்ளை பண்ணிருக்கா. மேற்கு மாம்பலம் வீட்ல நைட் பத்து மணிக்கு, மேல கோட்டு கீழ பைஜாமான்னு ஜூம் இன்டர்வியூ, தெருநாய் குரைக்கக் கூடாதுன்னு அக்கா வாசல்ல பிஸ்கட்டோட காவல் (நாய்க்குத்தான், நமக்கு ஒரு காபி கூட இல்ல).

அங்க மேட்ச்னு ஒரு சிஸ்டம், 1952லேருந்து இருக்கு. எந்த ஆஸ்பத்திரி வேணும்னு இவ வரிசையா ஒரு லிஸ்ட் குடுப்பா, யாரு வேணும்னு ஆஸ்பத்திரிங்க ஒரு லிஸ்ட் குடுக்கும், கம்ப்யூட்டர் ஜோடி சேக்கும், கிட்டத்தட்ட ஜாதகப் பொருத்தம்தான். இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான் 2012ல ராத்துக்கும் ஷேப்லிக்கும் எகனாமிக்ஸ் நோபல். அந்தக் கணக்குல ஒண்ணும் குத்தம் இல்ல, அதுக்கு முன்னாடிதான் கூத்து. பயத்துல ஆளாளுக்கு நூறு இடத்துக்கு அப்ளை பண்றாங்க, அத்தனையும் யாரு உக்காந்து படிக்கிறது, பரீட்சை ஸ்கோரை வச்சு வடிகட்டிடறாங்க. இப்ப சிக்னல்னு ஒண்ணு வந்திருக்கு, 'எனக்கு நீங்கதான் வேணும்'னு சில இடத்துக்கு மட்டும் சொல்லலாம். நல்லதுதான், ஆனா வெளிநாட்டு ஆளை எடுப்பீங்களா, எந்த விசான்னு எல்லாரும் முதல்லயே தெளிவா போட்டாலே பாதி அப்ளிகேஷன் காசு மிச்சமாகும்.

எந்த ஊருன்னு தெரியறது மார்ச் மூணாவது வெள்ளி. அக்கா வடபழனி முருகனுக்கு இப்பவே சிக்னல் போட்டுட்டா.