சின்னவளின் தடைகள்

ஜூன் 22, 2025

பெரியவளை நேற்று ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு வந்தோம். சென்னையில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஸ்டேஷனில் நான் அழுதேன், என் வீட்டுக்காரர் அழாத மாதிரி நின்றார், சின்னவள் மட்டும் அக்காவின் கட்டில் இனி யாருக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று காலை ஐந்தரைக்கு வழக்கம்போல கோவை நேரு ஸ்டேடியம் போனோம். வெளியே டீக்கடை அண்ணன், “பெரிய பாப்பா வரலீங்களா?” என்றார். சென்னைக்குப் போய்விட்டாள் என்றேன். “அப்ப இனிமே காலைல நிம்மதியாத் தூங்கலாமுங்க” என்றார். சின்னவள் ஸ்பைக்ஸ் ஷூ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில்தான் நிற்கிறாள். பெரியவள் மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கியபோது காசு வாங்காமல் மைதானத்துக்கே டீ கொடுத்த மனுஷர் அவர். கோபப்படவும் முடியவில்லை.

ஜூன் 29

சின்னவள் 100 மீட்டரை 13.6 விநாடியில் ஓடுகிறாள். பதினைந்து வயசுப் பெண்ணுக்கு அது மோசமான நேரம் இல்லை. ஆனால் பெரியவள் இதே வயதில் 12.5 ஓடிவிட்டாள். இந்த 12.5 எங்கள் வீட்டில் மூன்றாவது பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் சொல்கிறார், என் நாத்தனார் சொல்கிறார், ஏன், மாவு மில்காரர்கூடச் சொல்கிறார்.

யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. பெரியவள் ஜனவரியில் பிறந்தவள், சின்னவள் டிசம்பர் கடைசியில். தடகளத்தில் வயதுப் பிரிவைப் பிறந்த வருஷத்தை வைத்துத்தான் பிரிப்பார்கள். இந்த வருஷம் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் 2008 ஜனவரியில் பிறந்தவளும் 2009 டிசம்பரில் பிறந்தவளும் ஒரே கோட்டில் நிற்பார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருஷ வித்தியாசம். முப்பது வயதில் இது ஒன்றுமே இல்லை, பதினைந்தில் அது மலை. அதுவும் பெரியவள் பதின்மூன்று வயதிலேயே நன்றாக வளர்ந்துவிட்டவள். சின்னவள் இப்போதுதான் வளர்கிறாள். இந்த ஒரே வருஷத்தில் அவள் யூனிஃபார்ம் பேன்ட்டின் மடிப்பை இரண்டு தடவை பிரித்துவிட்டேன். இனி பிரிக்கத் துணி இல்லை.

ஜூலை 5

இன்று கோச் சார் என்னைக் கூப்பிட்டார். 100 மீட்டரை விட்டுவிட்டு இவளை 400 மீட்டர் தடை ஓட்டத்தில் போடலாமா என்று கேட்டார். அக்கா அளவுக்கு வராது என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை, தரையில் குச்சியால் கோடு போட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு சுற்றுக்குப் பத்துத் தடைகள். முதல் தடை 45 மீட்டரில். அப்புறம் 35 மீட்டருக்கு ஒன்று. கடைசித் தடையிலிருந்து கோட்டுக்கு 40 மீட்டர். இரண்டு தடைக்கு நடுவில் எத்தனை எட்டு வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறதாம். பதினேழு எட்டு வைத்தால் ஒவ்வொரு தடையிலும் ஒரே கால்தான் முன்னால் போகும். களைப்பு வந்ததும் எட்டு சுருங்கும், பதினேழு போதாது. பதினெட்டு வைத்தால் கால் மாறிவிடும். ஒரே காலில் மட்டும் தாண்டிப் பழகியவர்கள் அதனால் பத்தொன்பதுக்குத் தாவுவார்கள், தடைக்கு முன்னால் தத்தித் தத்தி நிற்பார்கள். “இவளுக்கு ரெண்டு காலும் வருதுங்க. நான் சொல்லிக் குடுக்கல, தானா வருது” என்றார்.

பெரியவளுக்கு அது வராது. இதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும். அவள் சின்ன வயதில் மழைத்தண்ணீரைத் தாண்டுவதானாலும் வலது காலைத்தான் முன்னால் போடுவாள்.

ஜூலை 13

வீட்டுக்காரர் வேலை செய்யும் லேத் பட்டறையில் முதலாளியிடம் கேட்டுக் கழிவுக் குழாயில் ஒரு தடை செய்துகொண்டு வந்திருக்கிறார். உயரம் 76.2 சென்டிமீட்டர், அதாவது சரியாக இரண்டரை அடி. மேலே குறுக்குக்கட்டைக்கு பி.வி.சி. குழாய், முட்டி பட்டாலும் உடையாது. கீழே இரண்டு கால்களும் ஓடி வருகிறவள் பக்கமாக நீட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் இடித்தால் முன்பக்கம் சாய்ந்து வழிவிடும். திருப்பி வைத்தால் சாயாது, ஆள்தான் சாய வேண்டும். இவர் அதன் பாதத்தில் ஆரஞ்சு பெயின்டில் அம்புக்குறி வரைந்திருக்கிறார். பெரியவளுக்கு இப்படி எதுவும் செய்ய வேண்டி வரவில்லை, அவளுக்குக் காலியான தரை போதும்.

ஜூலை 16

வலது முட்டியில் தோல் உரிந்து வந்திருக்கிறாள். மஞ்சள் வைக்கப் போனேன், கோச் சார் தந்த மருந்து போதும் என்று தள்ளிவிட்டாள். ராத்திரி வாசலில் நடந்துகொண்டே பதினாறு, பதினேழு, தாவு, பதினாறு, பதினேழு, பதினெட்டு, மாத்து என்று முணுமுணுக்கிறாள். பக்கத்து வீட்டில் ஏதாவது மந்திரமா என்று கேட்டார்கள்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. பெரியவள் இரண்டு நாள் லீவில் வந்திருக்கிறாள். எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். நாத்தனாரும் வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே, “சின்னவளும் அக்கா மாதிரி வந்துட்டா உனக்குக் கவலையே இல்ல” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவள், “அத்தை, அவ ஓடற 400ல நான் ஓடினா பாதியிலயே படுத்துருவேன். அதுல பத்துத் தடை வேற” என்றாள். நாத்தனார் ஊறுகாய் கேட்டார்.

சாயங்காலம் இருவரும் எங்கள் வீதிக் கடைசியில் இருக்கும் காலி இடத்தில் அந்தத் தடையை வைத்துப் பழகினார்கள். பெரியவள் வேகமாக வந்து தடைக்கு முன்னால் தடுமாறினாள், இரண்டாவது தடவையும் அதே கதை. “எண்ணாம வராதக்கா, கண்ணை மேல் கட்டையில வை” என்று சின்னவள் அதட்டினாள். அதட்டுகிற குரல் எங்கள் மாமியார் குரல். இவ்வளவு நாள் அது எங்கே இருந்ததோ தெரியவில்லை.

ராத்திரி மூன்று பேரும் போனில் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு வீடியோ பார்த்தோம். நம்ம ஊர் வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத் தகுதிச் சுற்றில் 55.42 ஓடியது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை விட்ட அதே நேரம். முப்பத்தொன்பது வருஷம் யாரும் தொடாத இந்திய சாதனை. மறுநாள் இறுதியில் வித்யாவுக்கு வெண்கலம். அவருடைய இரட்டைச் சகோதரி நித்யாவும் அதே ஹாங்சோவில் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். ஒரே முகம், ஒரே வீடு. அவர்களை மட்டும் ஊர் ஒப்பிடாமலா விட்டிருக்கும்? சின்னவள் நித்யாவைப் பற்றித்தான் அதிகம் கேட்டாள்.

ஆகஸ்ட் 9

இதுவரை பெரியவளின் பழைய ஸ்பைக்ஸ்தான் இவளுக்கு. இப்போது அது கடிக்கிறது. அக்காவுக்கு ஆறாம் நம்பர், இவளுக்கு ஏழு ஆகிவிட்டது. கடையில் புதுசு போட்டுப் பார்த்துவிட்டு, “அக்காவுக்கு இது லூசா இருக்கும்” என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறாள். இரண்டு பட்டு ரவிக்கை தைத்த கூலி போயிற்று.

ஆகஸ்ட் 24

மாவட்டப் போட்டி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்னும் விடவில்லை, எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் பிள்ளைகளின் முகத்தில் அறைந்தது. ஐந்தாவது தடை வரைக்கும் சின்னவள் நாலாவதாக வந்தாள். வளைவில் திரும்பியதும் கால் மாற்றினாள். இடது கால் முன்னால் போனதைப் பார்த்ததும் இவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எட்டாவது தடையில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்த பெண் தத்தி நின்றாள், இவள் தாண்டிப் போனாள். ஒன்பதாவதை இடித்துத் தள்ளினாள். வேண்டுமென்று தள்ளாவிட்டால் அது குற்றம் இல்லை, ஆனால் வேகம் போய்விட்டது. கடைசி நாற்பது மீட்டரில் பின்னால் வந்தவள் முந்த, மூன்றாமிடம். 1 நிமிடம் 10.3 விநாடி.

இதற்கு ஒப்பிட வீட்டில் வேறு நேரம் எதுவும் இல்லை. சான்றிதழ் வாங்கும் இடத்தில், பெரியவளோடு முன்பு ஓடிய ஒரு பெண்ணின் அம்மா, “இவ ஏன் நூறு ஓடல?” என்று கேட்டார். “ஒன்பதாவது தடையத் தட்டிட்டேன் ஆன்ட்டி” என்று இவள் பாட்டுக்கு வேறொரு பதில் சொன்னாள்.

ஆகஸ்ட் 26

பெரியவள் போன் செய்தாள். எத்தனையாவது இடம் என்று அவள் கேட்கவே இல்லை, ஒன்பதாவதுக்கு எத்தனை எட்டு வைத்தாய் என்றுதான் கேட்டாள். பதினெட்டு வைக்க வேண்டிய இடத்தில் பதினேழை இழுத்துப் போட்டாளாம், அதனால் எட்டியே தாவ வேண்டி வந்ததாம். அரை மணி நேரம் பேசினார்கள், என் போனில் சார்ஜ் தீரும் வரைக்கும்.

பள்ளிக் குறுவட்டப் போட்டிக்கு பி.டி. சார் இவள் பெயரை 100 மீட்டரில் எழுதி வைத்திருந்தார். இவளே போய் அடிக்கச் சொல்லிவிட்டு 400க்கு மாற்றியிருக்கிறாள். பதிலுக்குத் தொடர் ஓட்டத்தில் ஓட வேண்டும் என்றாராம், மூன்றாவது ஆளாக விட்டால் ஓடுகிறேன், வளைவு எனக்கு நன்றாக வரும் என்று பேரம் பேசியிருக்கிறாள். சரி. இன்னும் நாலு தடை வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியாயிற்று. இந்தத் தடவை குழாயைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இரண்டு யூனிஃபார்மும் ஒரு சுடிதாரும் வெட்டி வைத்திருக்கிறேன், நாளைக்குள் தைத்து முடிக்க வேண்டும்.