ஒரு பக்கம் போதாது, மேடம்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வருகிற பிள்ளைகளிடம் கட்டுரை எழுதச் சொன்னால், முதலில் 'முன்னுரை' என்று எழுதி அடிக்கோடு போடுவார்கள். பிறகு நான்கைந்து உட்தலைப்பு. கடைசியில் 'முடிவுரை'. தலைப்பு மழைநீர் சேகரிப்போ நூலகத்தின் பயனோ, உள்ளே இருக்கிற வரிகள் கைடிலிருந்து வந்தவை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி எழுதினால்தான் மதிப்பெண் வந்தது. எழுதுவதில் சந்தோஷம் இருக்கலாம் என்று நினைக்க அவர்களுக்கு நேரமே இருந்ததில்லை.

வடசென்னைக் கலைக் கல்லூரி ஒன்றில், மாலை ஷிப்டில், முதலாண்டுக்கு மொழிப்பாடமான 'பகுதி ஒன்று' தமிழ் நடத்துகிறேன். பி.காம்., பி.சி.ஏ. பிள்ளைகள். காலையில் வேலை பார்த்துவிட்டு மதியம் வகுப்புக்கு வருகிறவர்கள் அதிகம். விடியற்காலையில் காசிமேடு மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடையில் நிற்கிறவர்கள், முகூர்த்த நாளில் கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் இவர்கள்தான் என்பது பலருக்கும் பொருந்தும்.

தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25. அந்த 25க்குள் ஓர் அசைன்மென்ட் உண்டு. ஒருவர் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதித் தருவது வழக்கம். அதைத்தான் கையில் எடுத்தேன். "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு வேலையைப் பத்தி ஒரு பக்கம் எழுதுங்க. முன்னுரை வேண்டாம், முடிவுரை வேண்டாம்" என்றேன்.

"இன்னா மேடம், மீன் ஏலத்தப் பத்தியெல்லாமா எழுதறது?" என்றான் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன்.

"அதைத்தான்பா எழுதணும்."

அவன் கொடுத்தது ஆறேழு வரி. காசிமேட்டில் தினமும் ஏலம் நடக்கும், மக்கள் மகிழ்ச்சியுடன் மீன் வாங்கிச் செல்வார்கள், இப்படி. முதல் வாசிப்பில் நான் எழுத்துப்பிழை திருத்துவதில்லை. ற, ர மேலேயெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தால் அடுத்த தடவை இன்னும் குறைவாகத்தான் எழுதுவார்கள். அதனால் பென்சிலில் கேள்வி மட்டும் எழுதினேன். நீ எத்தனை மணிக்குக் கிளம்புவாய்? கூடையை யார் தூக்குவார்கள்? மீன் பழசா புதுசா என்று அம்மா எப்படிப் பார்ப்பார்? விலை படியவில்லை என்றால் என்ன செய்வார்?

அடுத்த வாரம் நான்கு பக்கத்தோடு வந்தான். "ஒரு பக்கம் போதாது, மேடம்" என்றான். அதில் அம்மா செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்க்கிறார், வயிற்றை விரலால் அழுத்திப் பார்க்கிறார். விலை ஏறிப்போனால் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அடுத்த கூறுக்கு நகர்கிறார். ஐஸ் பெட்டியைத் தூக்கிய கை மரத்துப்போய் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் இவன் நிற்கிறான். அப்புறம் ஒன்று சொன்னான்: "முதல்ல எழுதினதுல ஒரு லைன் பொய் மேடம், எடுத்துட்டேன். அந்நேரத்துக்கு அங்க யாரும் மகிழ்ச்சியா இருக்க மாட்டாங்க. பாதித் தூக்கத்துல நிப்பாங்க."

நான் அவனிடம் அந்த வரியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அவனாகவே கண்டுபிடித்து எடுத்திருக்கிறான். எழுத்தின் ருசி அங்கேதான் தொடங்குகிறது என்று உறுதியாக நம்புகிறேன். பாராட்டு அதைக் கொண்டுவராது. 'நன்று' என்று எழுதிக் கொடுத்த தாள்கள் அப்படியே பைக்குள் போய்விடும். கேள்வி எழுதிக் கொடுத்த தாள்கள்தான் திரும்பி வருகின்றன, தடித்துப்போய். தனக்குத் தெரிந்த ஒன்றை இன்னொருவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது அந்த வயதுக்குப் பெரிய விஷயம்.

எண்ணூரிலிருந்து வருகிற மாணவி ஒருத்தி 2023 டிசம்பரைப் பற்றி எழுதினாள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் படிந்த நாட்கள். செய்திகளில் எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் தாத்தாவின் வலையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததும், துடைக்கத் துடைக்கத் துணிதான் கறுத்ததே தவிர வலை வெளுக்காததும் அவள் எழுதித்தான் எனக்குத் தெரியும். வகுப்பில் படிக்கச் சொன்னபோது பாதியில் நிறுத்தி, "இந்த இடம் சரியா வரல மேடம், மாத்திட்டு நாளைக்குப் படிக்கிறேன்" என்றாள். மறுநாள் மாற்றிக்கொண்டு வந்து படித்தாள்.

இதற்குப் பிறகு பாடமும் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. வள்ளலாரை நடத்தும்போது, அவர் இங்கே ஏழுகிணறு வீராசாமித் தெருவில் குடியிருந்தவர், அங்கிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே போய் வருவார், வடிவுடை மாணிக்க மாலை அந்தக் கோயில் அம்மன்மீது பாடியது என்று சொன்னேன். "நம்ம வடிவுடையம்மன் கோயிலா?" என்று பல குரல்கள். எந்த வழியாக நடந்திருப்பார் என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம். தாங்களும் எழுதத் தொடங்கியவர்கள் என்பதால், இன்னொருவர் எழுதியதில் ஊரையும் தெருவையும் தேடுகிறார்கள். கைடு வைத்துப் படித்த காலத்தில் இந்தத் தேடல் இருக்கவே இல்லை.

நேரம்தான் பற்றவில்லை. பாடத்திட்டம் முடிய வேண்டும், செமஸ்டர் தேர்வுக்கு மாதிரி வினாக்கள் எழுதிப் பார்க்க வேண்டும். இத்தனை தாளுக்கும் கேள்வி எழுதிக்கொண்டிருந்தால் எப்படி முடியும் என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். ஆனாலும் விடுவதாக இல்லை. கடைசிக் கால் மணி நேரத்தை வாசிப்புக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். சொற்பிழையை இரண்டாவது பிரதியில் திருத்துகிறோம். தன்னுடைய எழுத்து மற்றவர் முன்னால் படிக்கப்படும் என்று தெரிந்தால், ல, ள, ழ சந்தேகத்தை அவர்களே வந்து கேட்கிறார்கள்.

ஏலம் எழுதிய பையன் இப்போது இரண்டாம் ஆண்டு. அசைன்மென்ட் கட்டாயம் ஏதும் இல்லாமல் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் எஞ்சினைப் பிரித்து மாட்டுவது, பெயின்ட் அடிப்பது, வலை சரிபார்ப்பது, கடன் வாங்குவது, எல்லாம் வர வேண்டுமாம். போன வாரம் கொண்டுவந்ததில் கடன் பகுதி மட்டும் அவசரமாக ஓடியிருந்தது. ஓரத்தில் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.