தாடையில் பரு, கையில் நீர் மாத்திரை

பதினேழு வயதில் பரு வந்தால் "வயசு அப்படி, தானா போயிடும்" என்பார்கள். இருபத்தெட்டில் வந்தால் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்துச் சொல்வார்கள். உடம்புச் சூடு, மலச்சிக்கல், தூக்கமின்மை, போன், இன்னும் கல்யாணம் ஆகாதது என்று எனக்குச் சொல்லப்பட்டவை ஏராளம். நான் திருச்சியில் பள்ளி ஆசிரியை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒளிவு மறைவு கிடையாது. பலகையில் பின்னம் எழுதிவிட்டுத் திரும்பினால், "மிஸ், இன்னிக்கு இந்தப் பக்கம் புதுசா ஒண்ணு வந்திருக்கு" என்று ஒரு குரல் வரும்.

பதின்ம வயதில் வந்தவை நெற்றியிலும் மூக்கிலும் பொடிப்பொடியாக இருந்தன. இவை வேறு ரகம். தாடை ஓரம், மோவாய்க்கு அடியில், சில சமயம் கழுத்தில், தோலுக்கு அடியில் கடலைப்பருப்பு போல உருண்டு நிற்கும். முனை வைக்காது, சீழ் வெளியே வராது, தலையணையில் கன்னம் பட்டாலே வலிக்கும். பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னால் கிளம்பும், அது முடிந்ததும் அமுங்கும். அமுங்கிய இடத்தில் பழுப்பாக ஒரு தடம் நிற்கும். அந்தத் தடம் மங்குவதற்குள் அடுத்த மாதத்துக் கூட்டம் வந்துவிடும்.

வீட்டு வைத்தியம் எல்லாம் நடந்தது. சித்தி அரைத்துக் கொடுத்த வேப்பிலை, கஸ்தூரி மஞ்சள், சந்தனம். எலுமிச்சைச் சாற்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. இவற்றால் பெரிய கெடுதல் எதுவும் வரவில்லை, பருவும் அசையவில்லை. தோலுக்கு அடியில் இருப்பதை மேலே பூசும் மஞ்சள் என்ன செய்யும்?

மருந்துக்கடையில் நடந்ததுதான் பயமுறுத்தியது. பரு என்று சொன்னதும் சீட்டு கேட்காமல் ஒரு ட்யூபை எடுத்து வைத்தார்கள். "ஒரு வாரம் போடுங்கம்மா, முகம் பளிச்சுன்னு ஆயிடும்." அட்டையைத் திருப்பினேன். மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின். முதலாவது ஸ்டீராய்டு. எங்கள் பள்ளியில் ஒரு அக்கா கல்யாணத்துக்கு முன் இதே ரகக் களிம்பை ஆரம்பித்து, பிறகு விட முடியாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். போட்ட சில நாளில் சிவப்பும் வீக்கமும் இறங்கும், மாயம் போலத் தெரியும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், முகத்தில் முடி முளைக்கும், ஸ்டீராய்டே தன் பங்குக்குப் பருவைக் கிளப்பும். நிறுத்தினாலோ முகம் எரியும். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதியை இறுக்கியது. கடையில் அது தெரியவில்லை. ட்யூபை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

தோல் மருத்துவர் முகத்தைப் பார்த்ததைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம். பீரியட்ஸ் முறையாக வருகிறதா, மோவாயில் முடி தடித்து வளர்கிறதா, தலைமுடி உச்சியில் குறைகிறதா, திடீரென்று எடை ஏறியதா, பி12 மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறீர்களா. பி12 சிலருக்குப் பருவைக் கிளப்பும் என்பது எனக்குப் புதுச் செய்தி. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, ப்ரோலாக்டின், வயிற்றுக்கு ஒரு ஸ்கேன். எல்லாம் நார்மல். ஆனாலும் இது ஹார்மோன் பருதான் என்றார் மருத்துவர். அம்மாவுக்கு நிம்மதி, கூடவே குழப்பம்: "எல்லாம் சரியா இருந்தா அப்புறம் எதுக்கு ஹார்மோன் பருங்கிறாங்க?"

மருத்துவர் சொன்ன பதில் இது. ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. எண்ணெய்ச் சுரப்பிகளை வேலை வாங்குவது அதுதான். ரத்தத்தில் அளவு சரியாக இருந்தாலும், சிலருடைய சுரப்பிகள் அதே அளவுக்கு மற்றவர்களைவிட வேகமாகத் துள்ளும். பீரியட்ஸுக்கு முந்தைய நாட்களில் ஹார்மோன்களின் சமநிலை மாறும்போது அது இன்னும் கூடுகிறது. ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டி தெரிந்தால் மட்டும் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு ஆகிவிடாது, தெரியாவிட்டால் ஹார்மோன் பரு இல்லை என்றும் ஆகிவிடாது.

என் அலமாரியில் இருந்த சீரம், டோனர், ஸ்க்ரப் எல்லாவற்றையும் ஒதுக்கச் சொன்னார். மிச்சம் நின்றவை மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், காலையில் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு, இரவில் 0.1 சதவீத அடாபலீன் ஜெல். அடாபலீனை வந்த பருவின் மேல் மட்டும் வைக்கக் கூடாது, வரப்போகும் பருவைத் தடுப்பதற்கு அது. பட்டாணி அளவு எடுத்து, நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, மோவாய் என்று ஐந்து பொட்டு வைத்து முகம் முழுக்க இழுத்துவிட வேண்டும். கழுவிய முகம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் போட வேண்டும். ஈரத்தில் போட்டால் எரிச்சல் கூடும். உதட்டோரத்திலும் மூக்கு மடிப்பிலும் முன்கூட்டியே கொஞ்சம் வாசலின். முதலில் வாரத்துக்கு மூன்று இரவு, தோல் பழகியதும் தினமும்.

ஆனாலும் முதல் மாதம் கஷ்டம்தான். சிரித்தால் வாயோரம் இழுக்கும், ரசம் பட்டால் சுரீர் என்னும், புதுப் பருக்களும் எட்டிப் பார்க்கும். இந்தக் கட்டத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் நான் விடவில்லை. பன்னிரண்டு வாரம் போகாமல் அடாபலீனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பென்சாயில் பெராக்சைடைப் பற்றி ஒரு எச்சரிக்கை: துணியில் பட்டால் சாயம் போய்விடும். எங்கள் வீட்டு மெரூன் துண்டிலும் என் நீலத் துப்பட்டாவிலும் வெள்ளைத் திட்டு விழுந்தது. அம்மா சோப்புத்தூள் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார். இப்போது முகத்துக்கென்று தனியாக ஒரு வெள்ளைத் துண்டு.

கூடவே மூன்று மாதத்துக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், 100 மில்லிகிராம். சாப்பிட்ட பிறகு, ஒரு தம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்து விழுங்க வேண்டும், போட்டவுடன் படுக்கக் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகிவிடும். வெயிலும் அதிகமாகச் சுடும். மாத்திரை போட்டவரை தாடை அமைதியாக இருந்தது. நிறுத்தினேன், அடுத்த பீரியட்ஸுக்கு முன்னால் பழைய இடத்திலேயே பழைய வலி. வீக்கத்தை அடக்க முடிந்தது, கிளப்பிவிடுவதைத் தொட முடியவில்லை. அதற்காக ஆன்டிபயாட்டிக்கை மாதக்கணக்கில் நீட்டவும் கூடாது, கிருமிகள் பழகிவிடும்.

அடுத்து என்ன என்பதில் கொஞ்சம் யோசனை நடந்தது. கருத்தடை மாத்திரை பலருக்கு நன்றாக வேலை செய்யும். அம்மாவுக்கு அந்தப் பெயரைக் கேட்டதுமே முகம் மாறியது, ஆனால் வேண்டாம் என்று முடிவானது அதனால் இல்லை. எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வருவதற்கு முன் கண்ணில் வளைந்து வளைந்து வெளிச்சக் கோடு ஓடும். அப்படிப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும். இதைக் கேட்காமல் எழுதித் தரும் மருத்துவரிடம் நாமே சொல்லிவிடுவது நல்லது. கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம் என்றார் என் மருத்துவர். எழுதித் தந்தது ஸ்பைரோனோலாக்டோன், முதலில் 50 மில்லிகிராம், பிறகு 100.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்காம்மா?" என்றார். வீட்டில் அப்பா அட்டையைப் பார்த்துவிட்டு, "இது பெரியப்பாவுக்கு ஹார்ட்டுக்குக் கொடுத்ததாச்சே" என்று பதறினார். இரண்டு பேர் சொன்னதிலும் தவறில்லை. அது நீர் பிரிவதற்கும் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மாத்திரைதான். ஆண்ட்ரோஜன் போய் ஒட்டும் இடத்தை அது மறித்துக்கொள்வதால் எண்ணெய்ச் சுரப்பி அடங்குகிறது. பருவுக்கென்று அட்டையில் போட்டிருக்காது, ஆனால் தோல் மருத்துவர்கள் வெகுகாலமாகப் பெண்களுக்குக் கொடுத்துவருகிறார்கள். பிரிட்டனில் 410 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2023இல் வந்தது. அதில் 12 வாரத்தில் தெரிந்த வித்தியாசம் கொஞ்சம்தான், 24 வாரத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாம் மாதம் கண்ணாடி முன் நின்று "ஒண்ணுமே ஆகலையே" என்று புலம்பியபோது எனக்குக் கைகொடுத்தது அந்த 24தான்.

கர்ப்பம் பற்றி மருத்துவர் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நேராகவே கேட்டார். வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் வளர்ச்சியை இந்த மாத்திரை பாதிக்கலாம், அதனால் வாய்ப்பே இருக்கக் கூடாது. அப்புறம் பொட்டாசியம். இது உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். ஆரோக்கியமான இளவயதுப் பெண்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது என்றாலும், ஆரம்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார். தினமும் இளநீர் வேண்டாம், லோ சோடியம் உப்பு வேண்டவே வேண்டாம் என்றார். திருச்சி வெயிலில் இளநீரை விடுவது ஒரு தண்டனை. உப்பு விஷயத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் பிபிக்காக எங்கள் சமையலறையில் இருந்ததே அந்த உப்புதான். சோடியத்தைக் குறைத்து அதில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். அப்பா போடும் பிபி மாத்திரையான டெல்மிசார்ட்டனும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது என்று பிறகு தெரிந்தது. அவருடைய மருத்துவரிடம் கேட்டு, பழைய கல்லுப்புக்கே திரும்பினோம், அளவை மட்டும் குறைத்து. என் பருவால் அப்பாவுக்கு ஒரு லாபம்.

பக்க விளைவு என்று பார்த்தால், முதல் சில வாரம் அடிக்கடி பாத்ரூம் ஓட வேண்டியிருந்தது. தொடர்ந்து வகுப்பு எடுப்பவளுக்கு அது சாத்தியமே இல்லை. மாத்திரையைப் பள்ளி விட்டு வந்ததும் போடும்படி மாற்றிக்கொண்டேன். 100க்கு ஏற்றியபோது பீரியட்ஸ் நாள் தவறி வந்தது, பிறகு ஒழுங்குக்கு வந்தது. சட்டென்று எழுந்தால் லேசாகத் தலை சுற்றும், அவ்வளவுதான்.

ஐந்தாம் மாதம் என்று நினைக்கிறேன். பீரியட்ஸ் வந்துவிட்டது. அதன் பிறகுதான் உறைத்தது, அந்த முறை தாடையில் எதுவுமே வரவில்லை. விரலால் ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்தேன். வழவழப்பு.

தடங்கள் போவது தனிக் கதை, பருவைவிட மெதுவான கதை. நம் நிறத்துக்கு ஒவ்வொரு பருவும் கறுப்புத் தடம் விட்டுத்தான் போகும், கிள்ளினால் இன்னும் ஆழமாக. இதற்குச் சன்ஸ்கிரீன் இல்லாமல் வேறு எதைப் போட்டாலும் வீண். புற ஊதாக் கதிர் மட்டுமில்லை, சாதாரண வெளிச்சமும் நம் தோலில் கறுப்பை ஏற்றும். அதனால் இரும்பு ஆக்சைடு சேர்த்த, லேசாக நிறம் உள்ள சன்ஸ்கிரீனைப் போடச் சொன்னார். முகம் சாம்பல் பூக்காமல் இருப்பது அதில் கூடுதல் நன்மை. கூடவே தடத்தை மங்கவைக்க அசெலாயிக் அமிலக் களிம்பு. முதலில் அரிக்கும், பழகிவிடும். பாலைக் குறைத்தும் பார்த்தேன். பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு சொல்லும் ஆய்வுகள் உண்டு, என் முகத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. காலை காபி திரும்பி வந்துவிட்டது.

இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. குழந்தைக்கு யோசிக்கும் முன்பே ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்திவிட வேண்டும், அடாபலீனையும். நிறுத்தினால் பரு திரும்பக்கூடும் என்பது முதல் நாளே பேசிய விஷயம். அந்த நிலையிலும் அசெலாயிக் அமிலத்துக்குத் தடையில்லை, பென்சாயில் பெராக்சைடையும் அளவாகப் போடலாம். மாத்திரை இப்போது 50க்கு இறங்கியிருக்கிறது. போன மாதம் இடது பக்கம் ஒன்று வந்து, வலிக்காமல் போனது.

என் தங்கைக்கும் அதே தாடை. "மிச்சமிருக்கிற மாத்திரையைக் கொடுத்துட்டுப் போயேன்க்கா" என்கிறாள். கொடுக்க மாட்டேன் என்று சொல்லி, வரும் சனிக்கிழமைக்கு அதே மருத்துவரிடம் அவளுக்கு டோக்கன் போட்டிருக்கிறேன்.