ஈஸ்ட் கர்க்பியில் ஒரு லங்காஸ்டர்: இருளில் இலக்கைத் தேடியவர்கள்

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் முழுவதும் குண்டுவீச்சு விமானதளங்கள் நிறைந்திருந்ததற்கான காரணம், அங்கே காரில் போகும்போதே விளங்கிவிடுகிறது. பெரும்பகுதி மேடுபள்ளமில்லாத வயல்வெளி. கிழக்கே வட கடல். அதைத் தாண்டினால் ஐரோப்பா. லிங்கன் நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஈஸ்ட் கர்க்பியை அடைந்துவிடலாம். பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவுகளான 57, 630 ஆகிய ஸ்குவாட்ரன்கள் இயங்கிய பழைய தளம் இது. அதன் ஒரு பகுதியை வாங்கி அருங்காட்சியகமாக மாற்றியவர்கள், இவ்வூர்ப் பக்கத்து விவசாயிகளான பிரெட் பான்டன், ஹரால்ட் பான்டன் என்ற சகோதரர்கள். இங்கே நிற்கும் 'ஜஸ்ட் ஜேன்' என்னும் லங்காஸ்டர் ரகக் குண்டுவீச்சு விமானம், 1945 ஏப்ரலில் உருவாகி, போரில் ஒரு குண்டும் வீசாமல், பின்னர் பிரெஞ்சுக் கடற்படையிடம் போய்ச் சேர்ந்தது. பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு அது நான்கு எஞ்சின்களும் முழங்கத் தரையிலேயே ஓடுவதைக் காணத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். நான் வந்தது, விமானத்தின் வழியைக் கணித்துச் சொல்லும் நேவிகேட்டரின் மேசையைப் பார்க்க.

விமானியின் இருக்கைக்குப் பின்னால், பக்கவாட்டில் திரும்பியபடி இருக்கும் சிறிய மேசை அது. விளக்கொளி வெளியே கசிந்துவிடக் கூடாது என்பதால் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, வெளியே எதையும் பார்க்காமல், வரைபடத்தையும் கடிகாரத்தையும் திசைகாட்டியையும் நம்பியே இளைஞர் ஒருவர் ஏழெட்டு மணி நேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். காற்றின் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் தவறாகக் கணித்தால், நான்கு மணி நேரத்தில் விமானம் 120 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். போரின் தொடக்க ஆண்டுகளில் நடந்தது ஏறக்குறைய இதுதான். விமானங்கள் எடுத்த புகைப்படங்களை ஆராய்ந்து 1941 ஆகஸ்டில் டேவிட் பட் என்பவர் அளித்த அறிக்கை, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் அதிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தொலைவுக்குள்ளாவது வந்திருந்தது என்றது. தொழிற்சாலைப் புகை மூடிய ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கில் அது பத்தில் ஒன்றாகக் குறைந்தது.

இதற்கு விடை வானொலி அலைகளிலிருந்து வந்தது. தரை நிலையங்களின் துடிப்புகள் வந்துசேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு தன் இடத்தை அறிய உதவிய 'ஜீ' கருவி, 1942 மார்ச்சில் எஸ்ஸன் நகரத் தாக்குதலில் பெரிய அளவில் பயன்பட்டது; சில மாதங்களிலேயே ஜெர்மானியர்கள் அதைக் குழப்பக் கற்றுக்கொண்டார்கள். அடுத்து வந்த 'ஓபோ' என்னைப் பொறுத்தவரை இவற்றிலெல்லாம் அழகான கருவி. நார்ஃபோக் கடற்கரையில் டிரிமிங்காமிலும், கென்ட் கடற்கரையில் வால்மரிலும் இரண்டு நிலையங்கள். ஒன்றுக்குப் பூனை என்றும் மற்றதற்கு எலி என்றும் பெயர். பூனையிலிருந்து மாறாத தொலைவில், இலக்கின் மேலே செல்லும் வட்ட வில்லில் மஸ்கிட்டோ விமானம் பறக்கும். எலி தன்னிடமிருந்து அதற்குள்ள தொலைவை அளந்து, குண்டை விடவேண்டிய நொடியைச் சொல்லும். மேகமோ புகையோ இதற்குத் தடையில்லை. ஆனால் ஒரு ஜோடி நிலையங்கள் ஒரு நேரத்தில் ஒரே விமானத்தைத்தான் வழிநடத்த முடியும். பூமியின் வளைவு காரணமாக, ரூருக்கு எட்டிய அந்த அலை பெர்லினுக்கு எட்டவில்லை. தொலைதூர நகரங்களுக்கு விமானமே சுமந்து சென்ற எச்2எஸ் ரேடார்தான் துணை. நீர்நிலையும் நகரமும் அதன் திரையில் தெளிவாகப் பிரிந்து தெரியும். ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ இல்லாத ஊர்களில் அது பெரும்பாலும் கலங்கலான காட்சியையே தந்தது.

இப்படி ஒரு சில விமானங்கள் இடத்தைக் கண்டுபிடித்தாலும், பின்னால் வரும் நூற்றுக்கணக்கானவற்றுக்கு அதைக் காட்ட வேண்டுமல்லவா? அதற்காகவே 1942 ஆகஸ்டில் ஆஸ்திரேலியரான டான் பென்னட்டின் தலைமையில் பாத்ஃபைண்டர் படை உருவானது. 1943 ஜனவரியில் பெர்லின் மீது முதன்முதலாக வீசப்பட்ட அடையாளக் குண்டுகள், குறிப்பிட்ட உயரத்தில் வெடித்து, சிவப்பாகவோ பச்சையாகவோ எரியும் மத்தாப்புகளைக் கொத்தாகச் சொரிந்தன. அவை சில நிமிடங்களில் அணைந்துவிடுமாதலால், அதே இடத்தில் புதியவற்றைப் போட்டுக்கொண்டே இருக்கத் தனி விமானங்கள் இருந்தன. தரை தெரியாத இரவுகளில் பாரசூட்டில் தொங்கும் ஒளிகளை வானத்திலேயே மிதக்கவிட்டார்கள். காற்று அவற்றை இழுத்துக்கொண்டு போகும் என்பதால் இதைக் கடைசி வழியாகவே கருதினார்கள். ஜெர்மானியர்களும் சும்மா இருக்கவில்லை. அதே நிறத்தில் போலி ஒளிகளை ஊருக்கு வெளியே கொளுத்தினார்கள்.

ஆகவே, லங்காஸ்டரின் மூக்கில் குப்புறப் படுத்துக் குண்டை விடுவித்தவர் பெரும்பாலான இரவுகளில் நகரத்தைக் குறிபார்க்கவில்லை. யாரோ போட்ட ஒளியைத்தான் குறிபார்த்தார். பீரங்கிச் சூட்டுக்கு நடுவே ஒரு நொடி முந்தி விடுவிப்பது மனித இயல்பு. அடுத்து வருபவர் இன்னும் சற்று முந்துவார். இப்படித் தாக்குதல் வந்த திசையிலேயே பின்னோக்கி ஊர்ந்துகொண்டு போகும்.

1944 மார்ச் 30-31 இரவில் நியூரம்பர்க்கில் இந்தக் கோளாறுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்தன. காற்றைப் பற்றிய முன்கணிப்பு தவறியது. அடர்ந்த மேகத்தின் மேல், குறுக்குக் காற்றில், அடையாளங்கள் நகருக்குக் கிழக்கே விழுந்தன. குண்டுவீச்சு வடக்கிலிருந்த வயல்களில் பதினாறு கிலோமீட்டர் நீளத்துக்குப் பின்வாங்கியது. ஏறத்தாழ 120 விமானங்கள், 80 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஷ்வைன்ஃபர்ட்டை நியூரம்பர்க் என்று நினைத்துத் தாக்கின. வழிகாட்ட வேண்டிய பாத்ஃபைண்டர்களில் இரண்டு விமானங்களே அங்கே அடையாளம் போட்டிருந்தன. புறப்பட்ட 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. அவற்றில் ஒன்றில் ஃப்ளைட் எஞ்சினியராக இருந்த 19 வயது கிறிஸ்டோபர் பான்டன், இந்த அருங்காட்சியகத்தை அமைத்த சகோதரர்களின் அண்ணன்.

மாலையில், சிறிது தொலைவிலுள்ள வுட்ஹால் ஸ்பாவுக்குப் போனேன். ஜெர்மானிய அணைகளைக் குண்டுவீசி உடைத்த 617 ஸ்குவாட்ரன் அதிகாரிகள் தங்கியிருந்த பெட்வுட் ஹோட்டலில் தேநீர் அருந்துவதற்காகவே பலர் அவ்வூருக்கு வருகிறார்கள். அங்கிருந்த தளத்தைப் பயன்படுத்திய இன்னொரு பிரிவான 627-ஐப் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு. 1945 பிப்ரவரி 13 இரவு டிரெஸ்டனின் விளையாட்டரங்கம் ஒன்றின் மீது தாழப் பறந்து சிவப்பு ஒளிகளைப் போட்டவை அதன் மஸ்கிட்டோ விமானங்கள்தான். அன்று அடையாளம் துல்லியமாக விழுந்தது. அந்தத் தாக்குதல்களில் மாண்டவர்கள் ஏறத்தாழ 25,000 பேர்.