பவர் பொத்தானிலிருந்து கையை எடுங்கள்

ஒரு கணினிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், சுற்றி நிற்பவர்களின் கை முதலில் போகும் இடம் பவர் பொத்தான். அணைத்துவிட்டால் ஆபத்து நின்றுவிடும் என்று நம்புகிறார்கள். இன்னொருவர் ஆன்டிவைரஸை ஓடவிடச் சொல்வார். நிர்வாகிக் கணக்கில் நுழைந்து என்னவென்று பார்த்துவிடலாம் என்பார் வேறொருவர். எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஊடுருவியவன் விட்டுச்சென்ற தடயங்களை அந்த நல்லெண்ணமே அழித்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட ஊடுருவல்களைக் கையாளும் எங்கள் குழுவுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் ஒரே வேலைதான்: அந்தக் கணினியை மற்றவற்றிலிருந்து பிரித்து, இருந்தது இருந்தபடியே வைத்திருப்பது. சரிசெய்வதெல்லாம் அதற்கப்புறம்.

மின்சாரம் நின்றால் ரேம் நினைவகத்தில் உள்ள அனைத்தும் போய்விடும். எந்தப் புரோகிராம் ஓடியது, அதை எது கிளப்பிவிட்டது, வெளியே எந்த முகவரியோடு அது தொடர்பில் இருந்தது என்ற கேள்விகளுக்கான பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஹார்ட் டிஸ்கில் ஒரு கோப்பைக்கூட எழுதாமல் நினைவகத்திலேயே குடியிருக்கும் தீநிரல்கள் (மால்வேர்) உண்டு. அணைத்த பிறகு அவற்றைத் தேடிப் பயனில்லை. 2002 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 3227 என்ற வழிகாட்டி ஆவணம், சீக்கிரம் மறையக்கூடியதை முதலில் எடுக்கச் சொல்கிறது. நினைவகமும் நெட்வொர்க் தொடர்புகளும் முன்னால், ஹார்ட் டிஸ்க் பின்னால். சான்றுகளைச் சேகரித்து முடிக்கும்வரை கணினியை அணைக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது.

2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் இதற்கு நல்ல சாட்சி. பூட்டப்பட்ட கோப்புகளைத் திறக்கும் சாவியை உருவாக்கப் பயன்பட்ட பகா எண்கள், பழைய விண்டோஸ் பதிப்புகள் சிலவற்றில் நினைவகத்திலிருந்து துடைக்கப்படாமல் கிடந்தன. அட்ரியன் கினே என்ற ஆய்வாளர் இதைக் கண்டறிந்தார். அதை வைத்து பெஞ்சமின் டெல்பி வானாகிவி என்ற கருவியை எழுதினார். பணம் கட்டாமலே கோப்புகளை மீட்க வழி பிறந்தது. ஆனால் அது, கணினியை அணைக்காமலும் மறுதொடக்கம் செய்யாமலும் விட்டுவைத்திருந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்த வழி.

அதே ஆண்டு ஜூன் 27 அன்று வந்த நாட்பெட்யா என்ற தீநிரல் நேர் எதிரானது. கணினியைத் தானே மறுதொடக்கம் செய்து, ஹார்ட் டிஸ்கைச் சரிபார்ப்பதுபோல் ஒரு பொய்த்திரையைக் காட்டிக்கொண்டே, கோப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற அட்டவணையை அது பூட்டியது. அந்தத் திரை ஓடும்போது மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் சரி. ஆகவே அணைக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கண்ணெதிரே கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன, நெட்வொர்க்கிலிருந்தும் பிரிக்க முடியவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். தடயம் போனாலும் தரவில் ஒரு பகுதியாவது மிஞ்சும். அதை எண்ணிப்பார்த்து முடிவெடுப்பது வேறு. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பொத்தானை அமுக்குவது வேறு.

இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மேக்ரோக்களை, அதாவது கோப்புக்குள்ளேயே பொதிந்திருந்து திறப்பவர் அனுமதித்தால் ஓடும் சிறு நிரல்களை, மைக்ரோசாஃப்ட் 2022இல் தடுக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஒரு சம்பவம் இது. கணக்குப் பிரிவு லேப்டாப் ஒன்றில், விண்டோஸுக்குக் கட்டளைகள் கொடுக்கும் கருவியான பவர்ஷெல்லை எக்செல் கிளப்பியிருக்கிறது என்று எச்சரிக்கை வந்தது. பில் தயாரிக்கும் ஒருவருடைய எக்செலுக்கு பவர்ஷெல்லோடு எந்த வேலையும் இருக்க முடியாது. எங்கள் குழுவின் இளைஞர் ஓடிப்போய் நெட்வொர்க் கேபிளைக் கழற்றினார். திரையின் கீழ்மூலையில் கேபிள் அடையாளம் மறைந்தது. இரண்டு மூச்சு விடுவதற்குள் அதே இடத்தில் வைஃபை அடையாளம் வந்து நின்றது. லேப்டாப் தன் கடமையைச் செய்திருந்தது. வைஃபையையும் அணைக்கப் போனவரை நிறுத்தச் சொன்னேன். பாதுகாப்பு மென்பொருளின் கட்டுப்பாட்டுத் திரையிலிருந்து தனிமைப்படுத்தினால், எங்களுக்கும் அந்தக் கணினிக்கும் இடையிலான இணைப்பு மட்டும் இருக்கும், மற்ற எல்லாம் அறுந்துவிடும். நினைவக நகலை இருந்த இடத்திலிருந்தே எடுக்க அந்த ஒரு இணைப்பு எங்களுக்குத் தேவைப்பட்டது. ‘தனிமைப்படுத்தப்பட்டது’ என்று திரை சொன்னதை வைத்து நாங்கள் ஓய்ந்துவிடவில்லை. சந்தேக முகவரிக்குப் போய்க்கொண்டிருந்த தொடர்புகள் நின்றுவிட்டனவா என்று, நெட்வொர்க்கின் வாசலில் காவல் நிற்கும் பயர்வாலின் பதிவுகளிலும் பார்த்து உறுதிசெய்தோம்.

பிரித்துவிட்டோம் என்பதாலேயே சேதம் நின்றுவிடும் என்று எண்ணிவிடவும் கூடாது. தரநிலைகளை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2012இல் வெளியிட்ட கையேட்டுப் பதிப்பு இதைத் தெளிவாக எச்சரிக்கிறது: வெளியே உள்ள ஒரு கணினியை அவ்வப்போது தொடர்புகொண்டு பார்க்கும் தீநிரல், தொடர்பு அறுந்ததும் ஹார்ட் டிஸ்கில் இருப்பதையெல்லாம் அழிக்கத் தொடங்கலாம். அதனால் பிரித்த கணினியை யாராவது ஒருவர் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நிர்வாகிக் கணக்கு விஷயத்தில் நான் எந்தச் சமாதானத்துக்கும் ஒத்துக்கொள்வதில்லை. மொத்த நெட்வொர்க்குக்கும் உரிமையுள்ள கணக்கில் ஒருவர் அந்தக் கணினியின் முன் அமர்ந்து உள்ளே நுழைந்தால், அவருடைய கடவுச்சொல் போன்ற அடையாளச் சான்றுகள் எல்சாஸ் என்ற விண்டோஸ் செயல்முறையின் நினைவகத்தில் தங்கிவிடும். அவற்றை உருவி எடுக்கும் மிமிகாட்ஸ் என்ற கருவி 2011 முதல் உலவுகிறது. (அதை எழுதியவரும் மேலே சொன்ன அதே டெல்பிதான்.) அதுவரை ஒரு லேப்டாப்பில் மட்டும் கால் வைத்திருந்தவனுக்கு மொத்த நெட்வொர்க்கையும் நாமே தாரைவார்த்த கதையாகிவிடும்.

இனி, என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி. அன்று அந்த லேப்டாப்பின் உரிமையாளரான பெண் ஊழியர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். அவருடைய மேலாளர் எல்லோர் முன்னிலையிலும், “எதைத் திறந்தீர்கள்? சொல்லுங்கள்!” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “ஒன்றும் திறக்கவில்லை சார்” என்பதைத் தவிர அவரிடமிருந்து வேறு பதில் வரவில்லை. மேலாளரிடம், “சார், கொஞ்ச நேரம் இவரை எங்களிடம் விடுங்கள்” என்று கேட்டுக்கொண்டு, அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தேன். “மேடம், உங்கள் மேல் குற்றம் கண்டுபிடிக்க நான் வரவில்லை. காலையிலிருந்து திரையில் என்னென்ன வந்தது, அதை மட்டும் வரிசையாகச் சொல்லுங்கள்” என்றேன்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். பில் என்று வந்த கோப்பின் மேலே மஞ்சள் பட்டை ஒன்று தெரிந்தது, அதில் அனுமதி கொடுத்தார். மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு ஜன்னல் வந்தது, கொடுத்தார். தவறு என்றது, மறுபடியும் கொடுத்தார். பிறகு மிகத் தயங்கி, “எனக்கு அது சரியாகத் திறக்கவில்லை சார். உங்களுக்குத் திறக்கிறதா பாருங்கள் என்று பக்கத்துப் பிரிவில் என் தோழிக்கும் அனுப்பினேன்” என்றார்.

அந்த நொடிவரை எங்கள் எந்தக் கருவியும் இரண்டாவது கணினியைக் காட்டியிருக்கவில்லை. தோழியின் லேப்டாப்பையும் உடனே தனிமைப்படுத்தினோம். அதிலும் அதே எக்செல், அதே பவர்ஷெல். அவரைப் பயமுறுத்திக்கொண்டே இருந்திருந்தால் அந்த ஒரு வாக்கியம் எங்களுக்குக் கிடைத்தே இருக்காது. திட்டித் தீர்க்கும் மேலாளர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. கணினியில் இருக்கும் சான்றைக் காக்க அத்தனை பாடுபடும் இடத்தில், பார்த்த ஒரே சாட்சியின் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

கடவுச்சொல் பறிபோனது தெரிந்ததும் வேலையின் எல்லையே மாறிவிட்டது. லேப்டாப் எங்கள் பிடியில் இருந்தாலும், அவருடைய அஞ்சல்பெட்டிக்குள் வேறெங்கிருந்தோ நுழையலாம். கடவுச்சொல்லைச் சுத்தமான வேறொரு கணினியிலிருந்து மாற்றினோம். ஏற்கெனவே உள்நுழைந்து திறந்தபடியே இருக்கும் அமர்வுகள் கடவுச்சொல்லை மாற்றினாலும் சில நேரம் உயிரோடு இருக்கும் என்பதால், அவற்றையும் தனியாக ரத்து செய்தோம். அஞ்சல்பெட்டியின் விதிகளைப் பார்த்தபோது, பில் சம்பந்தமான கடிதங்களை வெளி முகவரி ஒன்றுக்கு அனுப்பும் புதிய விதி இருந்தது. அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பிறகு நீக்கினோம். யார் எப்போது என்ன செய்தார்கள் என்பதை நேரத்தோடு ஒருவர் காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தார்.

மாலைக்குள், லேப்டாப் எப்போது கிடைக்கும் என்று கணக்குப் பிரிவிலிருந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மாத முடிவு, அவர்கள் அவசரமும் நியாயமானதுதான். இதற்காகவே தயாராக வைத்திருக்கும் மாற்று லேப்டாப்பை அந்தப் பெண் ஊழியரிடம் கொடுத்தோம். பழையது வேண்டும் என்ற நெருக்கடி அத்தோடு தணிந்தது. அதன் ஹார்ட் டிஸ்கை நிதானமாக நகலெடுக்க முடிந்தது. தீநிரலை மட்டும் நீக்கித் திருப்பித் தரலாமே என்று மேலாளர் கேட்டார். முடியாது, முழுக்க அழித்து முதலிலிருந்து விண்டோஸ் நிறுவிய பிறகுதான் அது மறுபடி நெட்வொர்க்குக்குள் வரும் என்று சொல்லிவிட்டோம்.