எந்தக் கொசு, எந்தத் தண்ணீர்

எங்கள் அப்பாயி மலேரியா என்று சொன்னதே கிடையாது. முறைக்காய்ச்சல் என்பார். ஒரு நாள் தூக்கிப் போடும், மறுநாள் எழுந்து களை எடுக்கப் போகலாம், அதற்கடுத்த நாள் அதே நேரத்துக்கு நாலு போர்வை போர்த்தினாலும் குளிர் விடாது, கயிற்றுக் கட்டிலே ஆடும் என்பார். அந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினா மாத்திரையின் கசப்பைச் சொல்லும்போது அந்த வயதிலும் முகம் சுளிப்பார். "புது ஆத்துல தண்ணி வந்துச்சு, கூடவே காச்சலும் வந்துச்சு" என்று அவர் சொன்னதை ரொம்ப நாள் நான் பெரியவர்களின் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு அந்தக் கால மலேரியா ஆய்வுகளைப் படித்தபோதுதான் தெரிந்தது, அவர் சொன்னது அப்படியே உண்மை.

1934-ல் மேட்டூர் அணை திறந்தது. கல்லணைக் கால்வாயில், அதாவது நாங்கள் புது ஆறு என்று சொல்வதில், அதுவரை வானம் பார்த்துக் கிடந்த பட்டுக்கோட்டைப் பக்கத்து நிலங்களுக்குத் தண்ணீர் போனது. பின்னாலேயே மலேரியாவும் வந்தது. ஆனால் கொஞ்சம் வடக்கே, நூற்றாண்டுகளாக நெல் விளையும் பழைய டெல்டாவில் அந்த அளவுக்குக் காய்ச்சல் இல்லை. அங்கேயும் தண்ணீர், இங்கேயும் தண்ணீர். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

இதற்குப் பதில் சொல்ல, கொசுதான் காரணம் என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது. அது 1897-லேயே தெரிந்துவிட்டது. செகந்தராபாத்தில் ராணுவ மருத்துவராக இருந்த ரொனால்ட் ராஸ், உசேன் கான் என்ற நோயாளியைக் கொசு கடிக்க விட்டு, ஒரு கொசுவுக்கு ஓரணா கூலி கொடுத்தார். ஆகஸ்ட் மாத வெக்கை. பங்கா என்ற கூரை விசிறியை இழுத்தால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும் என்பதால் அதுவும் கிடையாது. வியர்வை பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்துப் போயிருந்தன. ஆகஸ்ட் 20-ம் தேதி, புள்ளி இறக்கை கொண்ட ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியின் அடையாளமான கறுப்புத் துகள் நிறைந்த வட்ட வட்டமான உயிரணுக்களைப் பார்த்தார். மறு வருடம் கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்து, கிருமி கொசுவின் எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேருவதையும் காட்டினார். அங்கே அவருக்குக் கொசு பிடித்து, வளர்த்து, கூடவே நின்றவர் முகமது பக்ஸ். 1902-ல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உசேன் கானுக்குக் கிடைத்தது சில அணாக்கள். அந்தப் பெயரை நாம் மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன், உடம்பைக் கொடுத்தது அவர்.

சரி, கொசுதான் என்று தெரிந்தாயிற்று, ஒழித்துவிட வேண்டியதுதானே? லாகூர் பக்கத்தில் மியான் மீர் என்ற ராணுவக் குடியிருப்பில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். குட்டைகளை மூடினார்கள், மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், பாசனக் கால்வாய்களைத் தூர்த்தார்கள். ஜேம்ஸ், கிறிஸ்டோஃபர்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் நடத்திய வேலை. காய்ச்சல் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. வேலை அரைகுறை, பணம் போதவில்லை என்றார் ராஸ். இந்த நாட்டில் இது நடக்காத காரியம், கொயினா கொடுப்போம் என்றது இன்னொரு தரப்பு. 1909-ல் சிம்லாவில் மலேரியா மாநாடு கூடிப் பேசியபோதும் இந்தச் சண்டை ஓயவில்லை. எனக்கு இதில் கோபம் வருவது ஒரு இடத்தில்தான்: தோல்வியைக் காட்டி, கிராமங்களில் செலவு செய்யாமல் இருக்க அரசுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

மலாயாவில் வேறு கதை. அங்கே தோட்ட வேலைக்குப் போனவர்களில் பலர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய நம் ஆட்கள் என்பதால் இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். 1901-ல் கிள்ளான் வட்டார மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் கடலோரச் சதுப்பில் வடிகால் வெட்டி, காட்டை அகற்றி, தண்ணீரை வடித்தார். கிள்ளான் ஊரிலிருந்து அந்த வருடம் மலேரியாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 334 பேர், 1905-ல் 12 பேர். பிறகு ரப்பர் தோட்டங்கள் மலைப்பக்கம் ஏறின. அங்கேயும் காட்டை வெட்டினார்கள், காய்ச்சல் குறையவில்லை, கூடியது. காரணம் இதுதான். கடலோரத்துக் கொசு நிழல் விழும் சதுப்பில் முட்டையிடுவது, மலைக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையைத் தேடுவது. மரத்தை வெட்டி ஓடையில் வெயில் விழ வைத்ததே அதற்கு வாசல் திறந்து விட்டதாகிவிட்டது. ஓடைகளைக் குழாய்க்குள் விட்டு மண்ணுக்கடியில் இறக்கவும், எண்ணெய் தெளிக்கவும் வாட்சன் வழி கண்டுபிடிப்பதற்குள் எத்தனை தமிழ்க் கூலிகள் அந்த மலைச்சரிவில் புதைக்கப்பட்டார்களோ.

இனிப் பட்டுக்கோட்டைக்கு வருகிறேன். 1930-களின் பின்பாதியில் அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த மலேரியா ஆய்வாளர் பால் ரஸ்ஸலும் டி. ராமச்சந்திர ராவும் அங்கே வேலை செய்தார்கள். நோயைப் பரப்பியது அனோஃபிலிஸ் குலிசிஃபேசிஸ். இந்தக் கொசு தண்ணீரில் உட்கார்ந்து முட்டையிடாது, தண்ணீருக்குச் சற்று மேலே ஆடியபடி பறந்துகொண்டே முட்டையை உதிர்க்கும். அதனால் நாற்று நட்ட புதிதில், பயிர் சிறிசாக இருக்கும் வரை வயலில் இதன் புழு கிடைக்கும். பயிர் ஒரு அடி உயர்ந்துவிட்டால் கிடைக்காது. நிழலாலா, தாளாலா என்று பார்க்க, குழித் தண்ணீரில் பயிர் மாதிரி குச்சிகளை நெருக்கமாக நட்டு வைத்தார்கள். முட்டையிடுவது நின்றுபோனது. ஆட இடமில்லை, அவ்வளவுதான். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், அத்தனை அழகான சோதனை.

அப்படியானால் பிரச்சினை வளர்ந்த நெல் வயலில் இல்லை. கரைக்கு மண் எடுத்து மூடாமல் விட்ட குழிகள், கசிந்து தேங்கும் வாய்க்கால், தண்ணீர் பாய்ச்சிவிட்டு நடவு செய்யாமல் கிடக்கும் நிலம், வடிகாலே இல்லாத பாசனம், இவைதான் கொசுவை வளர்த்தன. தண்ணீரைக் கொண்டுவரத் திட்டம் போட்டவர்கள் அது வடியவும் வழி வைத்திருந்தால் அப்பாயியின் கட்டில் ஆடியிருக்காது.

குழிகளை மூடும் வரை காத்திருக்க முடியாதே. பைரெத்ரம் என்ற பூவிலிருந்து எடுத்த மருந்தைக் கைப்பம்பில் அடைத்து வாரம் ஒருமுறை வீட்டுக்கு வீடு அடித்துப் பார்த்தார்கள். கூரை இடுக்கிலும் மூலைகளிலும் பகலில் ஒளிந்திருக்கும் கொசுவை அது கொன்றது, காய்ச்சலும் இறங்கியது, செலவும் அதிகமில்லை. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வருவதற்கு முந்தைய காலம் அது. அப்பாயியிடம் இந்தப் பம்புக்காரர்களைப் பற்றிக் கேட்க எனக்கு வாய்க்கவில்லை, நான் இதையெல்லாம் படிக்கும்போது அவர் இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் யாராவது பெரியவர்கள் அதை நினைவு வைத்திருந்தால், உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.